ஈரத்தில் எடுத்த அளவு

திண்ணனூர் நாட்டில் ஒருவருக்குச் செருப்பு வாங்க வேண்டுமென்றால் கால் மலையிலேயே இருக்கும், அளவு மட்டும் கீழே போய்வரும். எழுபது கொண்டை ஊசி வளைவுகளையும் இறங்கி, வழியெல்லாம் வாந்தி எடுத்து, ஒரு ஜோடிச் செருப்புக்காக வீட்டோடு கிளம்பிப் போக யாருக்கு நேரமிருக்கிறது? யார் நாமக்கல் போகிறார்களோ அவர்கள் கையில் ஆளுக்கொரு குச்சியை ஒடித்துக் கொடுத்துவிடுவார்கள். குதிகாலில் தொடங்கிப் பெருவிரல் நுனியில் முடிகிற மூங்கில் குச்சி. மாறிப்போகாமல் இருக்க ஒன்றில் கீறல், ஒன்றில் நூல், ஒன்றில் மஞ்சள். கடைக்காரரும் குச்சியைச் செருப்பின்மேல் வைத்துப் பார்த்து ஒன்றை எடுத்துக் கட்டிக் கொடுப்பார். சரியாக அமைந்தால் சந்தோஷம். அமையாவிட்டால் கால் பொறுத்துக்கொள்ளும். மிளகு விலை செல்போனில் நிமிஷத்துக்கு நிமிஷம் தெரிகிற இந்தக் காலத்திலும் அந்தக் குச்சி மட்டும் ஒழியவில்லை.

ராதிகாவின் கால்கள் முப்பது வருஷமாகக் குச்சியை நம்பியே இருந்தவை. செருப்புக்கடைப் படியை அவள் மிதித்ததில்லை. கல்யாணச் செருப்பும் குச்சியில் வந்ததுதான். ஒரு விரற்கடை சின்னதாக வந்துவிட, மாப்பிள்ளை வீட்டுக்குக் குதிகால் வெளியே தொங்கத் தொங்க நடந்து வந்தாள். கூட நடந்த மாப்பிள்ளை ராசு பார்த்துவிட்டு, கழட்டிக் கையில் வைத்துக்கொள் என்று காதோரம் சொன்னான். அவன் அவளிடம் பேசிய முதல் பேச்சு அது. இன்றைக்கும் அதைச் சொல்லிச் சொல்லிச் சிரிப்பாள்.

அப்படிப்பட்டவள் பேண்டு வாத்தியக் கோஷ்டியில் சேர்ந்ததற்கு மருதாசலம்தான் காரணம். பட்டாளத்தில் பேக்பைப் என்கிற பைக்குழல் ஊதி ஓய்வு பெற்ற மனிதர். அடிவாரத்தில், காரவள்ளிக்குப் பக்கத்தில் சொந்தக் காட்டில் கடலை போடுகிறார். கைக்கு வேலை இருந்தும் வாய் சும்மா இருக்கவில்லை போலிருக்கிறது. எங்கெங்கோ அலைந்து பழைய வாத்தியங்களைச் சேர்த்து, சுற்றுவட்டாரத்துப் பெண்களை வைத்து ஒரு பேண்டு தொடங்கினார். ராதிகா அவர் காட்டுக்குக் கடலை பறிக்கத்தான் போனாள். சோற்று வேளையில் அவர் அந்தப் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஊதியதைக் கேட்டு மற்றவர்கள் சிரிக்க, இவள் மட்டும் ஒருமுறை ஊதிப் பார்க்கட்டுமா என்று கேட்டாள். புதிதாக ஊதுகிறவர்களுக்குப் பை நிறைவதற்குள் கண் இருட்டிக்கொண்டு வரும். தலைச்சுமையோடு மேடு ஏறிப் பழகிய நெஞ்சு, நாலு மூச்சில் பையை நிறைத்துவிட்டது. மருதாசலம் கடலைக்காயைக் கீழே போட்டுவிட்டு எழுந்து நின்றார்.

அதிலிருந்து ஞாயிறுதோறும் முதல் பஸ்ஸில் இறங்கி, கடைசிப் பஸ்ஸில் ஏறி வந்தாள். ஊரில் பேச்சு வராமல் இருக்குமா? ஊதுவதற்கு வீட்டில் அடுப்பு இல்லாமலா அங்கே போகிறாள் என்று பக்கத்து வீட்டுப் பாப்பாயி கேட்டாள். காலுக்குப் பேண்ட் வேறு போடுகிறாளாமே என்று இன்னும் சிலர் கேட்டார்கள். ராசு அதிகம் பேசுகிற ஆளில்லை. மிளகுக் கொடியைத் தேடி மரத்து உச்சிக்குப் போகிறவன். அங்கே பேச யார் இருக்கிறார்கள்? எல்லோருக்கும் ஒரே பதில்தான் சொன்னான்.

“அவ ஊதுனா எனக்குக் கேக்க நல்லாருக்குதுங்க.”

அதற்குமேல் யாரும் கேட்கவில்லை. ராதிகா அந்தப் பதிலைப் பத்திரமாக மனசில் வைத்துக்கொண்டாள்.

இந்த வருஷம் குடியரசு தினத்துக்கு நாமக்கல்லில் நடக்கிற அணிவகுப்பில் மருதாசலத்தின் பேண்டு ஊதிக்கொண்டு நடக்கலாம் என்று அனுமதி கிடைத்தது. உடுப்பு அவர் தைத்துக் கொடுத்தார். ஷூ மட்டும் அவரவர் கால் அவரவருக்கு என்று சொல்லிவிட்டார். கருப்பு நிறம், கயிறு கட்டுகிற மாதிரி, தாழ்ந்த குதி, வழுக்காத அடிப்பாகம். விரல்களுக்கு முன்னால் கட்டைவிரல் அகலம் இடம் விட்டு, குதிகால் மட்டும் கவ்விப் பிடிக்க வேண்டும். சாயங்காலம் போய் எடுங்கள், நடந்து நடந்து கால் கொஞ்சம் உப்பியிருக்கும், அதுதான் நிஜ அளவு என்றார். புது ஷூவோடு அன்றைக்கு வந்து நிற்கக் கூடாது, வீட்டில் போட்டுப் பழக்கிவிட்டு வர வேண்டும் என்றார். ராதிகா மறுநாள் மாலை சாமை புடைத்துக்கொண்டே அத்தனையும் ராசுவிடம் ஒப்பித்தாள். அவன் காப்பிப் பழத்தில் கல் பொறுக்கிக்கொண்டே கேட்டான். அவன் காதில் நின்றது கருப்பும் கயிறும்தான்.

அவளுக்குத் தெரியாமல் வாங்கி வந்து கையில் கொடுக்க வேண்டும் என்று அவனுக்கு ஒரு ஆசை. கல்யாணச் செருப்பு அவன் மனசில் எங்கோ உறுத்திக்கொண்டிருந்திருக்க வேண்டும். காலைக் காட்டு என்று கேட்டால் கண்டுபிடித்துவிடுவாள். மார்கழித் தூறலில் ஊற்றுக்குப் போகிற தடம் நெகிழ்ந்து கிடந்தது. அந்தத் தடத்தில் தண்ணீருக்குப் போகிறவள் ராதிகாதான். ஊற்றோரம் அச்சு அசலாக ஒரு காலடி பதிந்திருந்ததைப் பார்த்தான். குந்தி உட்கார்ந்து, மூங்கிலைச் சீவி, குதியிலிருந்து விரல் நுனிவரை அளந்து ஒடித்துக்கொண்டான். மறுநாள் மிளகுக் காட்டு வேலையை விட்டுவிட்டு, கிழங்கு விலை விசாரிக்கப் போவதாகச் சொல்லி பஸ் ஏறினான்.

இருட்டுகிற நேரத்தில் மூடுபனிக்குள்ளிருந்து வந்தான். தலை நனைந்து சொட்டியது. துண்டு முழுக்க ஒரு அட்டைப்பெட்டியைச் சுற்றியிருந்தது.

“பிரிச்சுப் பாரு கண்ணு. நானே அளவெடுத்தது,” என்றான்.

கருப்பு ஷூ. அடுப்பு வெளிச்சத்தில் பளபளவென்று இருந்தது. ராதிகா காலை விட்டாள். கால் உள்ளே போனது, போய்க்கொண்டே இருந்தது. விரலுக்கு முன்னால் இன்னொரு விரல் படுக்கலாம். நிமிர்ந்து பார்த்தாள். தலையைக்கூடத் துவட்டாமல் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றான். அந்த முகத்திடம் போய் எப்படிச் சொல்வது?

“அம்சமா இருக்குதுங்க,” என்றாள்.

அவன் துண்டைப் பிழிந்துகொண்டே வெளியே போய்ப் பாப்பாயியிடம் சொல்வது கேட்டது. நான்தான் அளவெடுத்தேன், குச்சி பிசகவே இல்லை. ஊர் முழுக்கச் சொல்லப் போகிறான் என்று ராதிகாவுக்குத் தெரிந்தது. அவனை மாதிரி ஒருவனை ஏமாற்றுகிறோமே என்று நினைத்தாள். ஆனாலும் சொல்லவில்லை.

இலவம்பஞ்சை உருட்டி உருட்டி முன்பக்கம் திணித்தாள். இரண்டு காலுறை போட்டாள். கயிற்றை இறுக்கிக் கட்டினாள். நிற்கும்போது எல்லாம் சரியாகத்தான் இருந்தது, நடக்கும்போதுதான் வினை. பாதம் மேலே வர, ஷூ கொஞ்சம் பின்தங்கி வந்தது. ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சியில், மருதாசலத்தின் களத்தில் எல்லோருடைய குதியும் ஒரே சத்தமாக விழ, அதன் வாலைப் பிடித்துக்கொண்டு ‘டப்’ என்று ஒரு தனிச் சத்தம். மலைக்காரப் பெண்களுக்கு ஏற்கெனவே விரலை முதலில் ஊன்றி நடக்கிற பழக்கம். அதை மாற்றிக் குதிகாலை ஊன்றக் கற்றுக்கொள்ளவே ராதிகாவுக்கு மாதக்கணக்கானது. இப்போது கழன்று போகிற ஷூவைப் பிடித்து நிறுத்த விரல்கள் மறுபடி மடங்கிக்கொண்டன. அதோடு போனாலும் பரவாயில்லை. பேக்பைப்பில் மூச்சை இழுக்கிற நேரத்தில் முழங்கை பையை அமுக்கிச் சத்தத்தைத் தாங்க வேண்டும். நினைப்பெல்லாம் காலில் இருந்தால் கை தளர்ந்துவிடும். ராதிகாவின் பை நடுநடுவே சோர்ந்து முனகியது.

மருதாசலம் பிரம்பைக் களத்தில் தட்டி நிறுத்தினார். யாரையும் பெயர் சொல்லித் திட்டமாட்டார், எல்லோருக்கும் அம்மிணிதான்.

“அம்மிணி, உன்ற மூச்சுல கொறயில்ல. காலு வரமாட்டீங்குது. அடுத்த ஞாயித்துக்கெழமயும் இப்படியே இருந்துதுன்னா வரிசைல நிக்க வேண்டாம். ஒரு காலு தப்புனா மொத்தப் பேண்டும் தப்புனாப்பலதான் தெரியும்.”

அவர் சொன்னதில் தப்பில்லை என்பதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது. வேறு ஷூ வாங்கினால் ராசுவுக்குத் தெரிந்துவிடும். வாங்காவிட்டால் வரிசை போய்விடும். அந்த வாரம் முழுக்க அவளுக்குச் சோறு இறங்கவில்லை. ராகிக் களியை உருட்டி வைத்துவிட்டு அப்படியே உட்கார்ந்திருப்பாள். குதிகாலில் தோல் வழன்று கொப்புளம் உடைந்திருந்தது. ராசு கேட்டதற்கு மாட்டுக்கொட்டகையில் கல் குத்திவிட்டது என்றாள்.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை சாப்பாட்டு டப்பாவை வேண்டுமென்றே விட்டாளோ மறந்தாளோ, அடுப்பங்கரையிலேயே இருந்தது. கிழங்கு ஏற்றிய லாரி ஒன்று கீழே போகிறதென்று தெரிந்து ராசு டப்பாவை எடுத்துக்கொண்டு ஏறிவிட்டான். சாமைச் சோறும் மொச்சைக் குழம்பும். அவன் பயிற்சியைப் பார்த்ததே இல்லை. பெண்கள் நடக்கிற இடத்தில் தனக்கென்ன வேலை என்று கூச்சம். களத்து ஓரத்தில் கடலைக்கொடிப் போருக்குப் பின்னால் நின்று பார்த்தான். நீல உடுப்பில் ராதிகாவைப் பார்த்ததும் அவனுக்கு யாரோ பெரிய ஆளைப் பார்ப்பது போலப் பெருமையாக இருந்தது. அப்புறம் அந்த ‘டப்’ சத்தம் கேட்டது. ஒன்று, இன்னொன்று. யார் காலில் இருந்து வருகிறதென்று அவனுக்கே தெரிந்துவிட்டது.

பிரம்பு தட்டியது. எல்லோரும் நின்றார்கள். மருதாசலம் குனிந்து ராதிகாவின் ஷூ முனையைக் கட்டைவிரலால் அமுக்கினார். அது பொசுக்கென்று உள்ளே போனது.

“பஞ்சா அடச்சு வச்சிருக்கற? இதை யாரம்மிணி எடுத்தது?”

ராதிகா தலையைக் குனிந்துகொண்டாள்.

“நான்தானுங்க மாஸ்டர். நானே போயி, நானே போட்டுப் பாத்து எடுத்தனுங்க. என்ற தப்புத்தானுங்க.”

“போட்டுப் பாத்துமா இத்தன பெருசா எடுத்த?”

“ஆமாங்க. எனக்குத் தெரியலீங்க.”

கொடிப்போருக்குப் பின்னால் ராசுவுக்கு டப்பா கையில் கனத்தது. கல் குத்திய கால், இறங்காத சோறு, அம்சமாக இருக்கிறது என்று சொன்ன வாய், எல்லாம் சேர்ந்து ஒரே நேரத்தில் விளங்கியது. அத்தனை பெண்களுக்கும் நடுவில் நடந்து போய் நின்றான்.

“இல்லீங்க மாஸ்டர். அவ கடைக்கே போனதில்லீங்க. நான்தான் எடுத்தேன்.”

ராதிகா அவனைப் பார்த்தாள். கண்ணில் தண்ணீர் கோத்துக்கொண்டது. மருதாசலம் இருவரையும் மாறி மாறிப் பார்த்தார். பிறகு ராசுவின் பாதத்தைப் பார்த்தார். எப்படி அளவெடுத்தாய் என்று கேட்க, ராசு ஊற்றோரத்துத் தடத்தையும் மூங்கில் குச்சியையும் சொன்னான். அதைக் கேட்ட பெண்களில் ஒருத்தி, சங்கீதா என்று டிரம் அடிக்கிறவள், வாயைப் பொத்திக்கொண்டு கேட்டாள்.

“ஏனுங்கண்ணா, அந்தத் தடத்துல மெட்டி பதிஞ்சிருந்துதுங்களா?”

ராசு யோசித்தான். அச்சு அசலான காலடி கண் முன்னால் வந்தது. ஐந்து விரலும் வந்தன. மெட்டி வரவில்லை.

“கழட்டு அம்மிணி,” என்றார் மருதாசலம். “தம்பி, நீ போட்டுப் பாரு.”

பஞ்சை உருவி எடுத்துவிட்டு ராசு காலை விட்டான். கடைக்காரர் அவனை உட்கார வைத்து அளந்து கொடுத்தது மாதிரி கச்சிதமாக உட்கார்ந்தது. அளவெடுத்ததற்கு முந்தின நாள் மிளகுக் கூடையைக் கழுவ ஊற்றுக்குப் போனது அப்போதுதான் அவனுக்கு ஞாபகம் வந்தது. மனிதன் தன் காலடியைத் தானே பார்ப்பதில்லை. அது பின்னால்தானே கிடக்கிறது! களம் முழுக்கச் சிரித்தது. ராசுவும் சிரித்தான். ராதிகா சிரித்துக்கொண்டே அழுதாள். மருதாசலம் மட்டும் சிரிக்காமல், இன்றைக்கு இதற்குமேல் பயிற்சி இல்லை, சாயங்காலமே இரண்டு பேரும் நாமக்கல் போங்கள், காலையும் கூடவே கொண்டு போங்கள் என்றார்.

கடையில், சேலைக்கு மாறி வந்திருந்த ராதிகாவைக் குட்டையான ஒரு நாற்காலியில் உட்காரச் சொன்னார்கள். முந்தானை நுனியை விரலில் சுற்றிக்கொண்டே உட்கார்ந்தாள். வேலைக்கு நின்ற பெண் ஒரு ஷூவைப் போட்டுவிட்டு, எங்கே பிடிக்கிறது, முன்னாலா பக்கத்திலா என்று கேட்டாள். அவள் காலிடம் யாரும் அப்படிக் கேட்டதே இல்லை. மலைக்கால் அகலம், நீளம் சரியாக இருந்தால் பக்கம் நெரித்தது. ஒவ்வொன்றாகக் கழற்றி மாட்டி, அகலமாக வருகிற ஒன்று அகப்பட்டது. அதில் குதிகால் கவ்வியது, கட்டைவிரல் அகலம் இடமும் இருந்தது. ஆனால் மெட்டி குத்தியது.

“மெட்டியக் கழட்டிருங்கக்கா. அதோட நடந்தா ரெண்டு விரலும் கிழிஞ்சிரும்,” என்றாள் அந்தப் பெண்.

ராதிகா ராசுவைப் பார்த்தாள். போட்ட நாளிலிருந்து கழற்றாதது. இதற்கு அவன் என்ன சொல்வான் என்று அவளுக்கு உண்மையிலேயே தெரியவில்லை. ராசு தரையில் குந்தினான். அவள் காலை இழுத்துக்கொள்ளப் பார்த்தாள். ஆட்கள் பார்க்கிறார்கள் என்று முணுமுணுத்தாள். அவன் விடவில்லை. விரலில் இறுகியிருந்ததை மெல்ல மெல்லத் திருகி எடுத்தான். இரண்டு காலிலும் எடுத்துச் சட்டைப் பையில் போட்டுப் பித்தானையும் மாட்டினான். பிறகு என்ன தோன்றியதோ, அவள் பாதத்தின்மேல் கையை விரித்து வைத்துப் பார்த்தான். குதிகாலில் கட்டைவிரல், பெருவிரலில் அவன் சுண்டுவிரல். சரியாக ஒரு சாண்.

“இங்க பாரு. அளவு கையிலயே இருந்திருக்குது. நான் ஊத்துக்குப் போயித் தேடியிருக்கறேன்.”

“பேசாம எந்திரிங்க,” என்றாள் ராதிகா.

பழக்குவதற்கு அதிக நாள் இல்லை. வீட்டுக்குள் காலணி ஆகாது. மிளகு காயப்போட்ட வாசலைச் சுற்றிச் சாயங்காலங்களில் ராதிகா நடந்தாள். கொப்புளத்துக்கு மஞ்சளும் எண்ணெயும் போட்டு, கெட்டியான காலுறை மாட்டி, பை இல்லாமல் கையை மட்டும் மடக்கிக்கொண்டு நடந்தாள். பெரிய ஷூவை என்ன செய்வது? போட்டுக் கீறிவிட்டதால் கடையில் திருப்பி எடுக்கவில்லை. ராசு அதை மாட்டிக்கொண்டு அவள் பக்கத்தில் நடக்க ஆரம்பித்தான். கயிறு கட்ட அவனுக்கு வரவில்லை. மிளகுக்கொடியை மரத்தோடு சேர்த்துக் கட்டுகிற முடிச்சைப் போட்டான். அதை அவிழ்க்கத் தினமும் ராதிகாதான் குனிய வேண்டியிருந்தது. பாப்பாயி வேலியைப் பிடித்துக்கொண்டு, புருஷன் பெண்டாட்டி இரண்டு பேரும் பட்டாளத்துக்குப் போகிறீர்களா என்று சிரித்தாள். சிரித்துவிட்டு, கொஞ்ச நேரம் நின்று, இடது வலது என்று அவளே சொல்லிக் கொடுத்தாள். ஒருநாள் வாசலில் இரண்டு ஜோடிக் குதியும் ஒரே சத்தமாக விழுந்தன. ராதிகாதான் முதலில் கவனித்தாள். சொன்னால் அவனுக்குக் கால் தப்பிவிடும் என்று சொல்லாமல் நடந்தாள்.

குடியரசு தினத்தன்று நாமக்கல் மைதானத்தில் வெயில் ஏறுவதற்குள் பேண்டு நடந்தது. கண் நேராக இருக்க வேண்டும், கூட்டத்தைப் பார்க்கக் கூடாது என்பது மருதாசலத்தின் கட்டளை. ராதிகா பார்க்கவில்லை. குதி விழுந்தது, முழங்கை தாங்கியது, பை ஒரு இடத்திலும் சோரவில்லை. கால் என்று ஒன்று இருப்பதையே மறந்து ஊதினாள். இப்படி மறக்கத்தான் இத்தனை பாடா என்று பாதி வழியில் தோன்ற, மூக்கோரம் வழிந்த கண்ணீரைத் துடைக்கக் கையில்லாமல் அப்படியே ஊதிக்கொண்டு போனாள். கயிற்றுக்கு அந்தப் பக்கம், கூட்டத்தில் முன்வரிசையில், வேட்டியும் கருப்பு ஷூவுமாக ஒரு ஆள் நின்ற இடத்திலேயே கால் மாற்றிக்கொண்டிருந்தானாம். சங்கீதா அப்புறம் சொன்னாள். கால் தப்பவே இல்லையாம்.

மைதானத்தை விட்டு வந்ததும் ராசு சட்டைப் பைப் பித்தானைக் கழற்றி, அத்தனை நாளும் பத்திரமாக வைத்திருந்த மெட்டியை எடுத்தான். வேப்பமரத்தடியில் உட்கார வைத்து அவனே போட்டுவிட்டான்.

கடைசிப் பஸ்ஸுக்கு முந்தினதில் ஊர் வந்து இறங்கியபோது வெளிச்சம் கொஞ்சம் மீதியிருந்தது. வாய்க்கால் தண்ணீர் தடத்தில் புரண்டு சேறாக இருந்தது. புது ஷூவைச் சேற்றில் விட யாருக்கு மனசு வரும்? இரண்டு பேரும் ஆளுக்கொரு ஜோடியைக் கையில் தூக்கிக்கொண்டு வெறுங்காலோடு நடந்தார்கள். கொஞ்ச தூரம் போனதும் ராதிகா நின்றாள்.

“ஏனுங்க, திரும்பிப் பாருங்க.”

ராசு திரும்பினான். சேற்றில் இரண்டு வரிசைக் காலடிகள் பக்கத்தில் பக்கத்தில் வந்திருந்தன.

“இதுல என்ற காலு எது, சொல்லுங்க பாக்கலாம்.”

அவன் ஷூவை அவளிடம் கொடுத்துவிட்டுக் குந்தினான். விளையாட்டாகக் கேட்டாளே தவிர, அவன் விளையாடவில்லை. ஒரு காலடியின்மேல் சேறு படாமல் கையை விரித்துப் பிடித்துப் பார்த்தான். ஒரு சாண். இரண்டாவது விரலுக்குக் கீழே மெட்டி அழுத்திய பள்ளம், அதில் சொட்டுத் தண்ணீர் நின்றது.

“இதுதான்,” என்றான்.

பிறகு எழுந்து, அந்தக் காலடியை மிதிக்காமல் ஒதுங்கி, அவள் பக்கத்தில் வந்து நடந்தான்.